குழிக்குள் எரிந்த லாந்தர்

கிரேஸி டீச்சர் வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகளுக்குப் பயம். அவளோடு ஆம்பூர்ப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கே சில நாள் பயம்தான். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அதே எண்ணையும் நாற்பத்தொன்றையும் கூட்டச் சொல்வாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். "எப்பவும் இப்டித்தான் டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தும்போது நாற்பதைப் போடச் சொல்வாள். வரும் எண் நாற்பத்தொன்றால் வகுபடும்; அங்கே எல்லாம் கவிழும்.

"பாத்ததெல்லாம் விதியாகாதுடி. நிரூபிச்சாதான் விதி" என்பாள்.

அவள் கணவர் இன்பசேகரன் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கழிவுக் குழியைச் சுத்தம் செய்யும் பச்சையப்பன் முன்பு நாட்றம்பள்ளிப் பக்கம் கிணறு வெட்டியவர். கிணற்றில் செய்தபடியே முதலில் லாந்தரைக் கயிற்றில் இறக்குவார். அணையாவிட்டால் தானும் இறங்குவார். இதைக் கணவர் பெருமையாகச் சொன்னபோது கிரேஸி சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள்.

"வெளக்கு அணஞ்சா காத்து கெட்டது, சரி. அணையலன்னா நல்லதுன்னு யாரு சொன்னா? வெளக்க அணைக்காத வெஷக் காத்தும் இருக்குல்ல? கெணத்துல இருக்கறதும் தோல் குழியில இருக்கறதும் ஒரே காத்தா?"

"இத்தன வருசமா எறங்கறாங்க, இன்னா ஆச்சு? பள்ளிக்கூடத்த வீட்டுக்குக் கொண்டாராத."

அவள் விடவில்லை. பச்சையப்பனையே தேடிப்போய்ச் சொன்னாள்.

"வெளக்கு இதுவரைக்கும் பொய் சொன்னதில்லம்மா" என்றார் அவர்.

எழுபத்தொன்பதாம் வருடம், பக்ரீத் தோல்கள் வந்து குவியும் முன் குழியைக் காலி செய்யச் சொன்னார்கள். லாந்தர் நன்றாக எரிந்தது. இறங்கிய பச்சையப்பன் ஒரு சத்தமும் இல்லாமல் சாய்ந்தார். பின்னாலேயே இறங்கப் போன இன்பசேகரனை நாலு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். உடலைக் கொக்கி போட்டு எடுத்தபோதும் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது.

அதுவே நிர்வாகத்துக்கு வசதியாகப் போயிற்று. விளக்கு எரிந்ததே, காற்றில் குறையில்லை, மாரடைப்பு என்று முடித்தார்கள். விளக்கு எரிந்ததா என்று விசாரணையில் கேட்டபோது இன்பசேகரன் ஆமாம் என்றார்.

விசாரணை முடிந்த மாலை, பச்சையப்பன் வீட்டில் துக்கம் கேட்டுத் திரும்பிய நான் கிரேஸி வீட்டில்தான் இருந்தேன்.

"நான் பொய் சொல்லல கிரேஸி. எரிஞ்சுதான் இருந்துது."

அவள் அழவில்லை. "பாதிக் குழி அப்டியேதான இருக்கு? இனிமே யாரு எறங்கறது?"

"பச்சையப்பன் கூட வேல செஞ்ச கன்னியப்பன்."

"எத வச்சுப் பாப்பீங்க?"

இன்பசேகரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"லாந்தர்தான்" என்றார்.