கீழ்ச்சாலையைப் பார்த்த வாசல்

எழுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் கடைவீதியில் ஓவர்சீயர் சவரிமுத்துவின் மகன் என்றால் ஒரு மதிப்பு இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மணம் மூடுபனியோடு கலந்து வரும் காலைகளில், ரொட்டிக் கடைக்காரர் மற்றப் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, "ஓவர்சீயர் மகனுக்கு மொதல்ல குடுப்பா" என்பார். பிற்காலத்தில் கல்லூரிப் பேராசிரியனாக நான் பெற்ற மரியாதைகளுள் ஒன்றேனும் அந்தச் சூடான ரொட்டிக்கு நிகரானதன்று. அதை நான் இழந்தது ஒரு கட்டடத்தால்.

பூண்டு மொத்த வணிகர் ரத்தினம், அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்று கடைவீதியின் நடுவே எழுப்பிய "ரத்தினம் கட்டடம்" அது. சரிவில் நிற்பதால் கீழ்ச்சாலையிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று மாடி, மேல்சாலையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாடி. உளி கொத்திய கருங்கல் சுவரும், வில்வளைவு வாசலும், அதன் இருபுறத்து உருண்டைத் தூண்களும், சாலைவரை அகன்று இறங்கும் படிகளும் கீழ்ப்பக்கம் அமைந்தன. கழிவறைச் சன்னல்களும் குழாய்களும் மேல்பக்கம் போயின.

சென்னைப் பொறியாளர் வரைந்து அனுப்பிய வரைபடத்தில் வாசல் மேல்சாலையைத்தான் பார்த்திருந்தது. பேருந்துகளோ அப்போது கீழ்ச்சாலையில் நின்றன. அடித்தளம் தோண்டத் தொடங்கிய நாளில் ரத்தினம் வந்து, வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்த என் தந்தையாரிடம் சொன்னதை, அருகில் நின்ற நான் கேட்டேன்.

"ஓவர்சீயரே, வாசல பஸ்ஸப் பாத்து வைங்க. எறங்குறவன் கண்ணுல மொதல்ல எம் பேருதான் படணும்."

"கீழ்ப்பக்கம் சரிவுங்க. படி நெறைய ஏறணும்."

"ஏறட்டுமே! மலைக்கு வந்தவன் படிக்கு அழுவானா?"

சில ஆண்டுகளில் பேருந்து நிறுத்தம் மேல்சாலைக்கு மாறியது. வந்திறங்கியவர்களை வரவேற்றவை கழிவறைக் குழாய்கள். வாடகைக்கு இருந்த வக்கீலும் காப்பீட்டு முகவரும் முறையிட்டபோது, ரத்தினம் சிரித்துக்கொண்டே, "நான் என்ன செய்ய? ஓவர்சீயர் பிளானத் தலைகீழாப் பிடிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏலே, ரொட்டியாச்சும் நேராப் பிடிப்பியா?" என்று கேட்க, கடையே சிரித்தது.

சிரிப்போடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். என் தந்தையாருக்கென்று பேசி வைத்திருந்த பள்ளி மண்டப வேலை மதுரைக்காரர் ஒருவருக்குப் போயிற்று. அன்று அம்மா வெடித்தார்.

"அந்த மனுசன் பேச்ச ஊரே கேட்டுச் சிரிக்குது. நீங்க வாயத் தொறந்தா என்னங்க?"

"இத்தன வருசம் வேல குடுத்தவரு. கடைவீதியில வச்சு அவரப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா?"

"ஒங்க கௌரவத்த உலையில போட்டா வேகுமா?"

தந்தையார் காலணிக்குப் பாலிஷ் போடத் தொடங்கினார். இறக்கும்வரை அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று பாராட்ட என்னால் இன்றும் இயலவில்லை.

சென்ற கோடையில் கொடைக்கானல் போயிருந்தேன். ரொட்டிக் கடை இல்லை. படிகளின்மேல் தார்ப்பாய் கட்டி ஸ்வெட்டர் விற்கிறார்கள். வில்வளைவை விளம்பரப் பலகை மறைத்துவிட்டது. தூண்களுக்கு ரோஜா வண்ணம். அலுவலகங்கள் காலியாகி, இப்போது தங்கும் விடுதியாகிவிட்ட அக்கட்டடத்தின் வரவேற்பறையில், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த ஓவர்சீயரின் கதையைப் படத்தோடு மாட்டியிருக்கிறார்கள். மேலாளரான இளைஞரிடம் நான் யார் என்பதைச் சொல்லி, திருத்துமாறு கேட்டேன்.

"சார், டூரிஸ்ட்டுங்க இதப் பாத்துத்தான் சார் போட்டோ எடுக்குறாங்க. ஒங்க அப்பாவுக்கும் பேருதான சார்?"

திருத்தப்போவதில்லை என்பது விளங்கியது. ஆகவே இங்கே எழுதுகிறேன். என் தந்தையார் வரைபடத்தை நேராகவே பிடித்திருந்தார். வாசலைத் திருப்பச் சொன்னவர் ரத்தினம்.