கத்திக்குப் பயந்த இடுப்பு

மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் கையில் இருக்கும், ரோட்டில் உள்ள குழியெல்லாம் இடுப்பில் இருக்கும். என்னைப் போல நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு நான் வண்டி ஓட்டுகிறேன். வலியைப் பல வருஷமாகத் தெரியும். பயத்தைத் தெரிந்துகொண்டது போன பலாப்பழ சீசனில்தான்.

பலாப்பழம்

ஜீப்பின் மேலே கட்டியிருந்த பழம் ஒன்று நழுவி ரோட்டோரம் உருண்டது. குனிந்து தூக்கினேன். இடுப்பில் ஏதோ சுளீரென்று பிடித்து, வலது கால் நுனிவரை கரண்ட் அடித்தது போல இறங்கியது. பழம் கையைவிட்டுப் போய்விட்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரோட்டைப் பார்த்தபடி வளைந்தே நின்றேன். இனிமேல் இப்படியே நின்றுவிடுவேனோ என்று பயம் வந்தது.

பழத்துக்குச் சொந்தக்காரப் பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். என்னைத் தாங்கிப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து, "நல்லவேளை, பழத்துக்கு ஒண்ணும் ஆவல டிரைவரு" என்றாள்.

அடுத்தது யாரு?

அதே ரூட்டில் ஜீப் ஓட்டும் சதாசிவம் என்னை மலையடிவாரத்தில் கட்டு போடும் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போனான். கொட்டகைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே பலகையில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். வைத்தியர் உத்திரத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகின்மேல் ஏறி நின்றார். மடக்கென்று ஒரு சத்தம். படுத்திருந்தவர் "அம்மா" என்று அலறினார். அலறல்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு சத்தமே வரவில்லை. "அடுத்தது யாரு?" என்று வைத்தியர் குரல் கொடுத்ததும் எழுந்தேன். உள்ளே போகவில்லை, வெளியே போனேன்.

மெயின் ரோட்டு டீக்கடையில்தான் சதாசிவம் என்னைப் பிடித்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "இடுப்பு வலின்னு சொல்லிட்டு, இன்னா ஓட்டம்டா ஓடுற!" என்றான்.

படம்

கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, முதுகெலும்புக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று காட்டினார். மாத்திரை கொடுத்தார், கொஞ்ச நாள் வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். "கால் மரத்தாலோ, பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருந்தாலோ உடனே வந்துடுங்க. அப்ப ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்" என்றும் சொன்னார். அதில் ஆபரேஷன்தான் என் காதிலேயே நின்றது. முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது என்று ஜீப்பில் வருகிறவர்கள் ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே வேலை. ஒண்ணுக்கு வருகிறதா, நின்றுவிட்டதா என்று சரிபார்க்கக் கொல்லைப்பக்கம் போவேன், வருவேன், மறுபடியும் போவேன். என் மனைவி கோவிந்தம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாயா, கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சுறியா?"

வளைவு

வலி கொஞ்சம் அடங்கியதும் டாக்டர் பேச்சை மீறி வண்டியை எடுத்தேன். சும்மா கிடந்தால் இன்னும் பயமாக இருந்தது. மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பிரேக்கில் கால் வைத்தேன். வைத்தேனா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். செருப்பு பெடல்மேல்தான் இருந்தது. ஆனால் அது வேறு யாருடைய காலோ போல இருந்தது. வண்டி நிறைய ஜனம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாறைப் பக்கமாக உரசி நிறுத்தினேன். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் வாணியம்பாடி அஸ்லம் பாய். ஊர் ஊராகப் போய்த் துணி விற்கிறவர். "இன்னாச்சு?" என்றார். "கால் இருக்கிறதே தெரியல பாய்" என்றேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் மெதுவாக இறங்கி, பாறையை ஒட்டி நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. பாய் சாவியைத் திருப்பி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மொதல்ல உன் காலு வரட்டும், அப்புறம் நாம போலாம்" என்றார்.

டாக்டருக்கு அவசரமில்லை

எதிரே மேலே ஏறி வந்த சதாசிவம் வண்டியைத் திருப்பி எல்லோரையும் ஏற்றிக்கொண்டான். நான் பின் சீட்டில் படுத்தபடி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு முட்டியைத் தட்டினார், குதிகாலால் நடக்கச் சொன்னார், கட்டை விரலால் அவர் கையைத் தள்ளச் சொன்னார். என் ஆயுசே அந்த விரலில் இருப்பது போலத் தள்ளினேன். உணர்ச்சி குறைந்திருக்கிறது, பலம் போகவில்லை, பயிற்சி செய்து பார்க்கலாம், அடுத்த வாரமே வந்து காட்டணும் என்றார்.

நான் நம்பவில்லை. "அப்ப கத்தி வேணாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "எனக்கே அவசரமில்ல, உங்களுக்கு இன்னா அவசரம்?" என்றார்.

மூச்சு

பிசியோதெரபி ரூமில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள். படுத்ததும் அந்தக் கொட்டகைப் பலகை, மடக்கென்ற சத்தம், எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. தூக்கினால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று அப்படியே கிடந்தேன். அவள் என் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள். "அண்ணா, நான் இன்னும் உங்களைத் தொடவே இல்ல. மூச்சை விடுங்க" என்றாள்.

சாமை

வண்டியைச் சதாசிவத்தின் தம்பி ஓட்டினான். நான் வீட்டில் படுப்பதும், பயிற்சி செய்வதும், வாசலில் நடப்பதுமாக இருந்தேன். வலி குறைந்தது. பாதம் மட்டும் மரத்தே கிடந்தது. தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்கப் பயந்து, போர்வைக்குள்ளேயே வைத்திருப்பேன். ஒருநாள் வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். வலது காலுக்கடியில் நறநறவென்று ஏதோ குத்தியது. கூடவே சூடு. விரலை அசைத்தேன். ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது. நகர மனசு வரவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கோவிந்தம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். "காயப்போட்ட சாமைய மிதிச்சிகினு, இன்னாயா சிரிப்பு வேற?" என்றாள்.

டாக்டர் சரி என்ற பிறகு மறுபடியும் ஜீப் ஓட்டுகிறேன், ஆனால் பாதி வழியில் நிறுத்தி இறங்கி நடந்துவிட்டுத்தான் ஏறுகிறேன், யாராவது ஏன் என்று கேட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.