காற்று மிஷினின் பித்தளை மூக்கு

காற்றை விற்றுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. காற்றில் என்ன பயம் இருக்கப்போகிறது என்று கேட்கிறவர்கள், சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்ரஸரை ஓடவிட்டு ஒரு நாள் சோறு வடித்துப் பார்க்க வேண்டும்.

1991-இல் என் மகன் செல்வம் தாம்பரத்துப் பட்டறை வேலையை விட்டுவிட்டு, படப்பையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் ஒரு கொட்டகை போட்டான். மொபெட், ஸ்கூட்டர், டிராக்டர் எல்லாம் பார்ப்பான். பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் காலையில் ரைஸ் மில்லுக்குப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். ஆகவே ஷெட்டில் அவனுக்குத் துணை, எட்டாவது வரை படித்த நான்தான். வீட்டோடு ஷெட் வைத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியாது.

கால் பம்பு

முதலில் எங்களிடம் இருந்தது ஒரு கால் பம்பு மட்டும்தான். சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் அது போதும். ஒரு நாள் வடக்குப்பட்டு ஏழுமலை ஜல்லி டிராக்டரோடு வந்து நின்றார். டிரெய்லர் டயர் ஒன்று தரையோடு தரையாகக் கிடந்தது. செல்வம் பஞ்சர் ஒட்டிவிட்டு மிதிக்க ஆரம்பித்தான். நான் உள்ளே போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, கஞ்சி வடித்து, பானையை நிமிர்த்திவிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறான்.

என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கும்போதே அவன் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி உதட்டில் இறங்கியது. ஏழுமலைதான் அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "யக்கா, டயருக்குக் காத்து ஏறிடுச்சு. உம் புள்ளைக்குத்தான் எறங்கிக்கினே கீது. ஒரு கம்ப்ரஸர வாங்கிப் போடு."

வந்தது சிலிண்டர்

சமையல் கேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் நான். ஒரு காலை, செல்வத்தின் பட்டறைத் தோழன் பாபு மொபெட்டின் குறுக்கே ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து இறங்கினான். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஓடிப்போய் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன். சிலிண்டர் தலைமேல் பழைய ஃப்ரிட்ஜின் மோட்டாரை வைத்து வெல்டிங் அடித்திருந்தது. கம்ப்ரஸராம். அவனே செய்ததாம்.

"உள்ள இருந்த கேஸு எங்கப்பா?" என்றேன். "தொறந்து வுட்டுட்டேம்மா" என்றான். "வெல்டிங் வெக்கும்போது மிச்சம் மீதி இருந்திருந்தா?" என்றேன். அவன் யோசித்தான். அதைப் பற்றி அவன் யோசித்தது அதுதான் முதல் தடவை என்பது முகத்திலேயே தெரிந்தது. இது வேண்டாம்பா, எடுத்துக்கொண்டு போ என்று மோர் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். மோரைக் குடித்துவிட்டு அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்: "பயப்படாதம்மா. அப்படியே வெடிச்சாலும் ஒரு தடவைக்கு மேல வெடிக்காது."

ஊக்கு

பட்டணத்தில் பழைய மிஷின்கள் விற்கிற தெருவுக்குச் செல்வம் கிளம்பினபோது நானும் கிளம்பினேன். "நீ இன்னாத்துக்கும்மா?" என்றான். என் அடுப்புக்கு நாலடியில் நிற்கப்போகிற பொருளை நான் பார்க்காமல் எப்படி?

அங்கே ஒரு கடை வாசலில் பச்சைப் பெயின்ட் பளபளக்க ஒரு பெரிய மிஷின் நின்றது. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிற மாதிரி செல்வம் அதையே பார்த்தான். "ஒரே ஆள் ஓட்டுன மிஷினு" என்றார் கடைக்காரர். எனக்கு மிஷின் தெரியாது. மண்பானை தட்டி வாங்கத் தெரியும். டாங்கை விரல் முட்டியால் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன். எல்லா இடத்திலும் டங் டங் என்றது, அடி வயிற்றில் மட்டும் தொப் என்றது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அந்த இடத்தில் கீறினேன். பெயின்டுக்குக் கீழே பட்டி பூசி அடைத்திருந்தது மாவு மாதிரி உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஊக்கு முழுவதும் உள்ளே போய்விட்டது!

இரும்பு என்று நினைத்து இதன் பக்கத்தில் என் பிள்ளை தினமும் உட்கார்ந்திருப்பானே! செல்வம் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தான். கடைக்காரர்தான் முதலில் பேசினார், அதுவும் என்னைத்தான் கோபித்துக்கொண்டார்: "இன்னாம்மா நீ? மிஷின ஓட்டிப் பாப்பாங்க. குத்தியா பாப்பாங்க?"

நூற்றெட்டு

அடுத்த கடையில் செல்வம் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்பது மட்டும் போதாதாம். காலி டாங்க் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது, நிரம்பினதும் மிஷின் தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் தெரு லைன்மேன் வேறு, "மூணு குதிரைசக்தி வாங்கிட்டு வந்தீன்னா நம்ம லைன் தாங்காது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே இரண்டு குதிரைசக்தியில் இரண்டு மிஷின் பார்த்தோம். ஆனால் நேரம் பார்க்க எங்களிடம் கைக்கடிகாரம் இல்லை. எனக்குத் தெரிந்த கடிகாரம் ஒன்றுதான். கண்ணை மூடி அம்மனின் நூற்றெட்டுப் போற்றியை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன்.

முதல் மிஷினுக்கு நூற்றெட்டும் முடிந்து மறுபடி ஐம்பது சொல்லியும் மீட்டர் முள் பாதியில் நின்று நடுங்கியது. வேண்டாம் என்றேன். இரண்டாவது நீல மிஷின். நூற்றெட்டாவது போற்றி சொல்லி முடித்தேன், டப் என்று தானாக நின்றது. கண்ணைத் திறந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கம்ப்ரஸரைப் பார்த்துக் கை கூப்பி நிற்கிறார்கள். டாங்கின் அடியைத் தட்டினேன், ஊக்கால் கீறினேன், இரும்புதான். "இதையே எடுத்துக்கலாம்பா" என்று செல்வத்திடம் சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருவர் கேட்டார்: "யம்மா, மிஷினு நின்னுச்சு. பிரசாதம் உண்டா?"

கத்தல்

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பெரிய சத்தம் ஆகாது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் கல்யாணத்துக்குக்கூட வெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் செல்வத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புது மிஷின் வந்த மயக்கம். டாங்கின் மேலே பித்தளையில் மூக்கு மாதிரி ஒன்று இருந்தது, அதில் மூக்குத்தி மாதிரி ஒரு வளையம். டாங்க் நிரம்பி நின்றதும் அந்த வளையத்தைப் பிடித்து இழுத்தான்.

அப்படி ஒரு அலறலை நான் என் ஜன்மத்தில் கேட்டதில்லை. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குப்புற விழுந்துவிட்டேன். தெருவில் கதவெல்லாம் படபடவென்று சாத்தினார்கள். எதிர்வீட்டு ஜெயா டீச்சர் டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் உள்ளே போய் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாராம். எல்லாம் அடங்கின பிறகு, தலையில் ஒட்டடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

செல்வம் கைகட்டி நின்று விளக்கினான். "சேஃப்டி வால்வு டீச்சர். உள்ள காத்து அளவு மீறினா இதுவே தொறந்துக்கினு கத்தும். கத்தலன்னாதான் ஆபத்து." டீச்சர் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன் மிஷின் பத்திரமா இருக்கிறதுக்கு நாங்க தெனமும் செத்துப் பொழைக்கணுமா செல்வம்?"

சந்தனக்காப்பு

டீச்சர் சொன்னது எனக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. நல்ல மனுஷி, அவரை இப்படி அலறவைத்துவிட்டோமே, இனி மிஷின் கத்தக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டேன். மிஷினில் எனக்கென்று ஒரு வேலையும் இருந்தது. காற்றோடு சேரும் தண்ணீர் டாங்கின் அடியில் தங்கி இரும்பைத் தின்றுவிடுமாம். காலையில் அடித்திருகைத் திறந்து அதை வெளியே விடுவேன். பிறகு சாமி முன்னால் உட்காருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் செல்வம் மிஷினைப் போடுவான். என் நூற்றெட்டாவது போற்றியும் மிஷின் டப் என்று நிற்பதும் அநேகமாக ஒன்றாக இருக்கும். உடனே கற்பூரம் ஏற்றுவேன். அதுவும் என்னோடு சேர்ந்து கும்பிடுகிறது என்று ஒரு நினைப்பு.

ஆயுத பூஜை வந்தது. மிஷினைத் துடைத்து விபூதிப் பட்டை இட்டேன். மீட்டர் கண்ணாடியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். அந்தப் பித்தளை மூக்கைப் பார்த்தேன். கோபக்கார அம்மனுக்குச் சந்தனக்காப்பு சாத்தினால் குளிர்ந்துவிடுவாள் அல்லவா? ஒரு கை நிறையச் சந்தனம் அரைத்து, இடுக்கு தெரியாமல் மூக்கு முழுவதும் அப்பினேன். "இனிமே கத்தாத தாயே" என்று சொல்லிக்கொண்டே மாலையைப் போட்டேன். மாலை நழுவியது. செல்வம் வைத்திருந்த செம்புக் கம்பியை எடுத்து, வளையத்தைக் கீழே அமுக்கி, மாலையோடு சேர்த்துக் குழாயில் நாலு சுற்று சுற்றி முறுக்கினேன். செல்வம் வந்து பார்த்து, "சூப்பரா கீதும்மா" என்றான். அவன் கண்ணுக்கு மாலைதான் தெரிந்தது.

மறுநாள் விஜயதசமி. ஏழுமலை ஒரு டியூபோடு வந்திருந்தார். செல்வம் மிஷினைப் போட்டுவிட்டு, டாங்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவரோடு பேச்சு மும்முரத்தில், பஞ்சர் ஒட்ட டியூபைச் சுரண்ட ஆரம்பித்தான். நான் சாமி முன்னால் இருந்தேன். நூற்றெட்டு முடிந்தது. மிஷின் நிற்கவில்லை. அவசரத்தில் நடுவில் எதையோ விட்டுவிட்டேன் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். முப்பது, நாற்பது. சுவர் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிலுகிலுத்தன. மிஷினின் சத்தம் மாறி, தூக்க முடியாததைத் தூக்குகிறவன் முனகுகிற மாதிரி கேட்டது. ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. போற்றியை நடுவில் விட்டு எழுந்தது என் வாழ்க்கையிலேயே அன்றுதான்.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். செல்வம் திரும்பிப் பார்த்து, கண்ணாடியில் இருந்த பொட்டைக் கட்டை விரலால் துடைத்தான். அதற்குப் பின்னால் முள் சிவப்புக் கோட்டையும் தாண்டி, போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு கம்பியைப் பார்த்தான், சந்தனத்தைப் பார்த்தான். ஏழுமலையைப் பிடித்து வெளியே தள்ளினான். "வெளிய போ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். பிறந்ததிலிருந்து என்னை ஒரு அதட்டு அதட்டாத பிள்ளை. நான் போகவில்லை. தினமும் காலையில் திறந்து பழகின கை, தானாக அடித்திருகுக்குப் போய்விட்டது. திறந்தேன். அன்றைக்கு அது கத்தின கத்தல் இருக்கிறதே! எதிர்வீட்டில் கட்டில் நகருகிற சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. அது அடங்குகிற வரைக்கும் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. பெயரே ஞாபகம் வரவில்லை.

தானாக நிறுத்துகிற ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். அப்படி ஒரு நாளைக்கென்றுதான் அந்தப் பித்தளை மூக்காம். செல்வம் கம்பியைப் பிரித்து, காய்ந்த சந்தனத்தை ஆணியால் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் நோண்டி எடுத்தான். "அது கத்தக் கூடாதுன்னுதான்பா வேண்டிக்கினேன்" என்று சொல்லி நான் அழுதேன். அவன் திட்டவில்லை. ஆணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "கத்தட்டும்மா. சூடம் காட்டு, வேற எங்கனா பூ வெய்யி. அது வாய மட்டும் கட்டாத."

கம்ப்ரஸர் வாங்கப்போகிற பிள்ளைகளோடு கிளம்புகிற தாய்மார்களே, குதிரைசக்தியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; ஊக்கையும் நூற்றெட்டுப் போற்றியையும் நீங்கள் கொண்டுபோங்கள், சந்தனத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.