அத்தை விழுங்கிய கேப்சூல்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மருந்து கேப்சூலுக்கு ஈமச்சடங்கு நடந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பள்ளிக்கூடப் பஸ் வருவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்புறம் கறிவேப்பிலைச் செடியோரம் நானும் தம்பியும் விரலால் குழி தோண்டுவோம். மருந்தைக் கொட்டிவிட்ட வெற்று ஓடு, ஒரு பாதி வெள்ளையும் மறுபாதி ஊதாவுமாக, அந்தக் குழிக்குள் இறங்கும். தம்பி ஒரு சிட்டிகை விபூதி தூவுவான். நான் தேவாரம் பாடுவேன். சாவு வீட்டில் என்ன பாடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த தேவாரம்தான் தெரியும். சடங்கு முடிந்ததும் கைகழுவிவிட்டு மைலோ குடிக்கப் போய்விடுவோம்.

இந்த ஏற்பாடு அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணவர் காலமாகி, பிள்ளைகளும் இல்லாமல், எங்களோடு இருந்தார். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா எண்ணெய் ஆலைக்குப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மாவுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் வேன் வந்து கூட்டிப் போய்விடும். ஆகையால் எனக்குத் தலைபின்னுவது, தம்பியின் காலுறையைத் தேடுவது, இரண்டு பேரையும் திட்டுவது எல்லாம் அத்தையின் இலாகா. திட்டுவதில் அவருக்குத் தனித்திறமை உண்டு. திட்டிக்கொண்டே ஊட்டிவிடுவார், எது திட்டு, எது சோறு என்று பிரித்தறிய முடியாது.

அத்தையைச் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம். கோலா சிலாங்கூர் நண்டு கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் வேறு பேச்சே இருக்காது. கோழி, ஆடு, இறால், கருவாடு எதையும் விட்டுவைக்க மாட்டார். மாடு மட்டும் ஆகாது. அது சாமி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர்களுடைய அம்மா இறந்துவிட்டார். அத்தையும் அப்போது சின்னப்பெண்தான். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஒரு பசுவின் பாலைக் கறந்து, கணக்கெழுதும் கிராணி வீட்டுக்குக் கொஞ்சம் விற்று, மிச்சத்தைத் தன் தம்பிக்குப் புகட்டி வளர்த்தார். "உங்கப்பனுக்கு ரெண்டு அம்மாடி. ஒண்ணு நானு, இன்னொண்ணு லெச்சுமி" என்பார். லெச்சுமி அந்தப் பசுவின் பெயர். அப்பா பக்கத்தில் இருந்தால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்.

அத்தைக்கு முட்டிவலி. அதற்கு மளிகைக் கடையில் மாத்திரை வாங்கி, மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வார். கொஞ்சநாளில் நெஞ்சுக்குழியில் எரிச்சல் ஆரம்பித்தது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் விசாரித்துவிட்டு, வயிற்றில் புண் வந்திருக்கிறது, முட்டிவலி மாத்திரையை முதலில் நிறுத்துங்கள் என்று சொல்லி, வயிற்றில் சுரக்கும் அமிலத்தைக் குறைக்க இந்தக் கேப்சூலைக் கொடுத்தார். காலையில் சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒன்று. அத்தை சொன்னபடி செய்தார். எரிச்சல் தணிந்தது. முகத்தில் பழைய களை வந்தது. திட்டும் பழைய பதத்துக்கு வந்தது.

அப்புறம்தான் மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றி இறக்குவது அவர் தொழில். உலகச் செய்தியெல்லாம் அந்த வேனில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். அன்றைக்கு அவர் கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு செய்தி வந்திருந்தது.

"அக்கா, நீங்க சாப்பிடுற கேப்சூலு இருக்குல்ல, அதோட மேல் ஓட்ட எதுல செய்றாங்கன்னு தெரியுமா? மாட்டு எலும்புலலா!"

அத்தை அப்போது ஒரு நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தார். அதை அப்படியே தட்டில் வைத்தார். எழுந்து போய்க் கைகழுவினார். வாய் கொப்பளித்தார். மறுபடியும் வாய் கொப்பளித்தார். பிறகு பின்வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா மாமாவை முறைத்த முறைப்பில் மாமா நண்டுக்குக் காத்திருக்காமலே வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் அண்ணி என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அத்தை மறுத்துவிட்டார். "மருந்து குடுக்குற பிள்ளைங்கல்லாம் மலாய்க்காரப் பிள்ளைங்கம்மா. அதுங்க சாப்பிடுற பொருள, நான் போயி மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு இது லெம்புவான்னு கேட்டா, அதுங்க மனசு கஷ்டப்படாதா?" லெம்பு என்றால் மாடு. அடுத்தவர் மனசு நோகாமல் இருப்பதற்காகத் தன் வயிற்றைப் பணயம் வைப்பவர் எங்கள் அத்தை.

மருந்தையும் அவர் விடவில்லை. டாக்டர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதும் அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடுதானே மாடு? உள்ளே இருப்பது மருந்துதானே? ஓட்டைத் திருகித் திறந்தார். உள்ளே கசகசா மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள் இருந்தன. அதை அப்படியே விழுங்கலாமா என்று யோசித்தார். "கடுக முழுசா முழுங்குனா முழுசாத்தான் வெளிய வரும்" என்று தீர்ப்பானது. நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துப் புகட்டிய கல் வீட்டில் இருந்தது. அந்தக் கல்லில் உருண்டைகளைப் போட்டு மாவாக அரைத்து, தேனில் குழைத்து நக்கினார். அரைத்தால்தான் மருந்து உடம்பில் சேரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்கும் இல்லை; அந்தக் கல்லில் அரைத்ததைத் தின்று வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

மிஞ்சிய ஓட்டைக் குப்பையில் போட அத்தைக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கும் தம்பிக்கும் வெட்டியான் வேலை கிடைத்தது.

ஆனால் எரிச்சல் திரும்பி வந்தது. முன்பைவிட மோசமாக வந்தது. அத்தை அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். பால் குடித்த வீட்டில் எலும்பையும் விழுங்கியாகிவிட்டது. லெச்சுமி சும்மா விடுவாளா? தெரியாமல் விழுங்கிய அத்தனைக்கும் சேர்த்துத் தண்டனை என்று முடிவுகட்டி, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை முழுப் பட்டினி. யாராவது கேட்டால் வாயு என்பார். வெளிக்குப் போவது தார் மாதிரி கறுத்துப்போனதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் கல்லில் மருந்து அரைக்கும் சத்தம் மட்டும் தவறாமல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு அத்தை குணமாகி வருகிறார் என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் அத்தை அடுப்படியில் விழுந்து கிடந்தார். பக்கத்தில் காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது போல வாந்தி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "சோறு வடிக்கலடி" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். நான் போன் போட்டேன். அப்பா பழக்குலை ஏற்றிய லோரியோடு அப்படியே வந்து, அத்தையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி முன்சீட்டில் வைத்தார். நாங்களும் நெருக்கிக்கொண்டு ஏறினோம். வழியெல்லாம் அப்பா "அக்கா, அக்கா" என்று மட்டும்தான் சொன்னார். அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மருத்துவமனை வாசலில் செம்பனைக் குலையோடு நிற்கும் லோரியைப் பார்த்துக் காவலாளி கத்தினார். அப்பா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்து நிறுத்தினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்று அப்பாவிடம் சொன்னார்களாம். அத்தை கண்திறந்து பேசும் நிலைக்கு வந்தபிறகு, டாக்டர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள்கூட விட்டதில்லை என்றார். நானும் சாட்சிக்கு வந்தேன். எல்லா ஓட்டையும் நாங்கள்தான் புதைத்தோம் என்று பெருமையாகச் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. மருந்துப் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைத்தார். முக்காடு போட்ட இளவயது மலாய்ப் பெண். அவர் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மலாய் மொழியில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தக் குட்டி உருண்டைகளுக்கு மேல் ஒரு பூச்சு இருக்கிறது. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போய்ச் சேரும்வரை மருந்தைக் காப்பது அதுதான். அரைத்துவிட்டால், எந்த அமிலத்தைக் குறைக்க வந்ததோ அந்த அமிலமே மருந்தைத் தின்றுவிடும். சிலவகைக் கேப்சூலைப் பிரித்து, உருண்டையை மெல்லாமல் விழுங்கலாம். இந்த வகையை அப்படியே விழுங்கச் சொல்லித்தான் மருந்தோடு வரும் தாளில் போட்டிருக்கிறது.

அத்தை தயங்கித் தயங்கித்தான் காரணத்தைச் சொன்னார். கேட்டால் உங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்குமே என்றும் சொன்னார். அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்காளுங்க தினமும் வந்து இதுல பன்றி இருக்கான்னு என்னைக் கேக்குறாங்க ஆன்ட்டி. நீங்க மாடு இருக்கான்னு கேட்டா நான் எதுக்கு வருத்தப்படணும்?" என்றார். பிறகு போய் விசாரித்துவிட்டு வந்து உள்ளதைச் சொன்னார். மாமா சொன்னது சரிதான். அந்த ஓடு மாட்டிலிருந்து எடுத்ததுதான்.

ஓடு இல்லாத மாத்திரையாகவும் அந்த மருந்து உண்டு. ஆனால் அங்கே இருப்பு இல்லை. எழுதிப்போட்டு வரவழைக்கச் சில வாரமாகும். மாமா பிராயச்சித்தமாகக் கோலா சிலாங்கூர் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினார், அங்கேயும் கேப்சூல்தான். அதுவரை ஒருநாள்கூட மருந்தை விடக்கூடாது, புண் மறுபடி திறந்துகொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்பா கட்டிலோரம் வந்து மெதுவாகச் சொன்னார்: "லெச்சுமி பாலக் குடுத்து என்னக் காப்பாத்துச்சு. இப்ப எலும்பக் குடுத்து உன்னக் காப்பாத்துதுன்னு நெனச்சுக்கக்கா."

"வாய மூடுடா" என்றார் அத்தை. அதுதான் நான் கேட்ட திட்டுகளிலேயே மிகச் சின்னது. மறுநாள் காலை நர்ஸ் கொண்டுவந்த கேப்சூலைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே விழுங்கினார். தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்தபிறகும் கொஞ்சநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டு, சாமி விளக்கை இனிமேல் நீ ஏற்று என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த விளக்கை அம்மாகூடத் தொட்டதில்லை. தினமும் அத்தைதான் ஏற்றுவார். பிறந்தநாளன்று கேட்டபோதுகூட எனக்குக் கிடைக்காத உரிமை அது. நான் பெரியவளாகிவிட்டேன், அத்தைக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். தம்பிக்கு வயிற்றெரிச்சல். அத்தை சாமி அறைக்குள் வராமல் அடுப்படி நிலையருகே நின்றபடியே திரியை இழுத்துவிடு, எண்ணெயைப் பார்த்து ஊற்று என்று சொல்லிக்கொண்டிருப்பார். தம்பிக்கு விபூதியும் என்னைத்தான் பூசிவிடச் சொல்வார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முட்டிவலி என்று வருவதில்லை. தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா இதையெல்லாம் பார்ப்பார். நானும் எல்லாவற்றையும் பார்த்தேன். என் கையில் தீப்பெட்டி இருந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அந்த மலாய்ப் பெண்ணே அப்பாவுக்குப் போன் செய்து, ஆன்ட்டியின் மாத்திரை வந்துவிட்டது என்றார். மறுநாள் காலை அத்தை முதல் மாத்திரையை விழுங்கினார், உடைக்காமல், அரைக்காமல். சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு நேராக சாமி அறைக்குள் வந்து என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.

நான் விட்டுவிடுவேனா? கேவிக் கேவி அழுதேன். நான் என்ன தப்புச் செய்தேன், ஏன் என்னிடமிருந்து பிடுங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ ஒரு தப்பும் செய்யலடி கண்ணு" என்றார் அத்தை. அப்போது அவரும் அழுதுகொண்டிருந்தார். விளக்கை ஏற்றிவிட்டு, விழுந்து கும்பிட்டு, நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் கிடந்தார். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே லோரியைக் கழுவப் போய்விட்டார். எங்களைவிட்டுச் செத்துப்போகக் கூடாது என்பதற்காகத்தான் அத்தை அத்தனை வாரமும் அந்த மாட்டு ஓட்டை விழுங்கிக்கொண்டு தன் சாமியைவிட்டு எட்டி நின்றார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் எனக்கு விளங்கியிருக்காது. என் பதவி போனது ஒன்றுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் நான் அத்தையோடு பேசவே இல்லை.