லைசென்ஸ் இருந்தவரும் இல்லாதவனும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டைம் ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். சுனாபட்டியிலிருந்து யாரோ ஒருவர் பேசினார். சுயம்பு அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரராம். வேலைக்குக் கிளம்பிய அண்ணாச்சி ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தார், நிமிரவே இல்லை என்றார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு நான் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பகுதிவரை நடந்து போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவருடைய நாற்காலிக்கு எதிரே ஒரு லாரி டிரைவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். அண்ணாச்சி இன்றைக்கு வர நேரமாகும் என்று இந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

நம் தொழிற்சாலைத் தமிழ் மன்றத்தின் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது முதலில் மறுத்தேன். பிறகு, வேறு யாரையும்விட நான்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அவரைப் பற்றி உங்களிடம் அதிகம் பேசியவன் நான். பேசியதில் பாதி நல்லதல்ல. அதை இந்தப் பக்கத்திலேயே திருத்தியாக வேண்டும்.

சுயம்பு அண்ணாச்சிக்குத் திசையன்விளைப் பக்கம். இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவர். செம்பூரில் நம் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து டெஸ்பாட்சில் இருந்தார். பயந்த சுபாவம். ரயில் முழுதாக நின்ற பிறகுதான் இறங்குவார். நம் பம்பாய் ரயிலில் அப்படி இறங்க நினைப்பவர் எத்தனை முறை அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வந்திருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம். இப்படிப்பட்டவரின் சட்டைப்பையில் எப்போதும் டிரைவிங் லைசென்ஸ் இருக்கும். சொந்த வண்டி கிடையாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனால் காலம் முடியும் முன்பே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். வண்டி இல்லாதவருக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேன்டீனில் நாங்கள் கேலி செய்வோம். ஒருமுறை அவர் பதில் சொன்னார்:

"என்னைக்காவது ஒருத்தன் அவசரம்னு சாவியக் கையில குடுப்பான்வே. அன்னைக்கு இல்லன்னு சொல்லவும் கூடாது, இருக்குன்னு பொய் சொல்லவும் கூடாது."

அந்த நாள் வந்தது. ஒரு மதியம் பிரஸ் பிரிவில் ஒரு தொழிலாளியின் விரல்கள் நசுங்கிவிட்டன. கம்பெனி வேன் நின்றிருந்தது, டிரைவர் லீவு. ஓட்டத் தெரியும் என்று நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று மானேஜர் கேட்டதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொண்டார். அடிபட்டவனின் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேன் ஊர்ந்தது. கைவண்டிக்கு நின்றது, மாட்டுக்கு நின்றது. சீக்கிரம் போங்கள் என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். அவர் திரும்பவே இல்லை. சயான் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே வந்து பார்த்தால், அண்ணாச்சி படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுவதும் வியர்வை.

"எனக்கு வண்டி ஓட்டன்னா பயம்வே" என்றார். "பயம் இருக்கதுனாலதான் ஒழுங்காப் படிச்சு லைசென்ஸ் எடுத்தேன். பயமே இல்லாதவனப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு ஸ்கூட்டர் கிடைத்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாதுங்காவில் எங்கள் கட்டடத்திலேயே முதல் ஸ்கூட்டர் அது. லேர்னர் லைசென்ஸ் எடுத்து, ஓட்டிப் பழகி, டெஸ்ட்டுக்குப் போனேன். தரையில் எட்டு வரைந்திருந்தார்கள். இரண்டாவது வளைவில் என் இடது கால் தரையில் ஊன்றிவிட்டது. இன்ஸ்பெக்டர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார். வரிசையில் நின்றிருந்த சின்னப் பையன்கள் சிரித்தார்கள். மறுபடியும் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. ஸ்கூட்டரில் போகும் ஆபீஸ்காரனை நிறுத்தி எந்தப் போலீஸ்காரன் லைசென்ஸ் கேட்கப்போகிறான், அது உண்மையில் தேவைதானா என்று தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

அண்ணாச்சி கேட்டபோது மட்டும், பாஸாகிவிட்டேன் என்றேன். அவரிடம் தோற்றதாகச் சொல்லக் கூச்சம். அன்று மதியம் அவர் செம்பூர் ஸ்டேஷன் அருகே போய்ப் பேடா வாங்கிவந்து, ராமநாதன் லைசென்ஸ் எடுத்துவிட்டார் என்று மேஜை மேஜையாகக் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன்.

பிறகு ஒன்றரை வருஷம் அப்படியே ஓட்டினேன். நிம்மதியாக ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. காலையில் சயான் சர்க்கிளில் வெள்ளைச் சட்டைக் கை ஒன்று உயர்ந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுவேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, போலீஸ்காரர் கண்ணில் படாமல் திரும்புவேன். யாராவது விசில் அடித்தால், அது என்னைத்தான் என்று நினைத்துக்கொள்வேன். ராத்திரி என் மனைவி, ஏன் தூங்கவில்லை என்று கேட்பாள். ஆபீஸ் வேலை என்பேன். சுனாபட்டியில் அண்ணாச்சி பின்சீட்டில் ஏறிக்கொள்வார். அவர் ஏறியதும் கொஞ்சம் தைரியம் வரும். ஒரு லைசென்ஸாவது வண்டியில் இருக்கிறது என்ற அசட்டுத் தைரியம்.

அது ஒரு ஜூலை மாதக் காலை. விட்டு விட்டு மழை. சுனாபட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நின்றிருந்த பஸ்ஸின் முன்னாலிருந்து தலையில் காய்கறிக் கூடையோடு ஒரு பெண்மணி சாலையைக் கடக்க வந்துவிட்டார். பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் அவர் காலில் மோதியது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம். கத்தரிக்காய்கள் தண்ணீரில் மிதந்து போயின. அந்த அம்மாளின் கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. கூட்டம் கூடியது. ஆனால் யார் ஓட்டினார், யார் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று அந்த மழையில் எவரும் கவனித்திருக்கவில்லை.

அண்ணாச்சிதான் டாக்ஸியை நிறுத்தி, அந்த அம்மாளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார். தன் பெயர் கோதாபாய் என்றார் அந்த அம்மாள். அவர் தலை அண்ணாச்சியின் மடியில், கால்கள் என் மடியில். அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய முனகலுக்கு மேலாக நான் பேசினேன்.

"அண்ணாச்சி, எனக்கு லைசென்ஸ் இல்ல."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "வீட்டுல வச்சிட்டு வந்துட்டீரா?"

"எடுக்கவே இல்ல. டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கோதாபாயின் தலையை மடியில் சரிசெய்தார். நான் விடவில்லை. "நீங்கதான் ஓட்டினேள்னு சொல்லிடுங்கோ. உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு. உங்கள ஒண்ணும் பண்ணமாட்டா. எனக்கு வேலையே போயிடும் அண்ணாச்சி."

"அத மட்டும் எங்கிட்ட கேக்காதேயும்" என்றார். "மத்தது எல்லாத்துக்கும் நான் கூட நிக்கேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கான்ஸ்டபிள் வந்து, நோட்டைப் பிரித்து, வண்டியை யார் ஓட்டியது என்று கேட்டார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் இரண்டாம் முறை கேட்டார். பிறகு, நான்தான் என்றேன். லைசென்ஸ் இல்லை என்பதையும் சொன்னேன்.

அதன் பிறகு கோர்ட்டில் வழக்கு வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதி என்ன. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் சம்மன் என்று நடுங்குவேன். மானேஜர் கூப்பிட்டால் கடிதம் கொடுத்து அனுப்பத்தான் என்று நினைப்பேன். கடைசியில், பஸ் மறைத்ததால் வண்டி வருவதைத் தான் பார்க்கவில்லை என்று கோதாபாயே சொல்லிவிட்டார். மாஜிஸ்திரேட் கடுமையாகப் பேசி, அபராதத்தோடு விட்டார். மானேஜர் எச்சரிக்கைக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணாச்சி என்னோடு வந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோதாபாயின் வீட்டுக்குப் போய், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவந்தார். என்னையும் கூப்பிட்டார். முதல் இரண்டு வாரம் நான் போகவில்லை. மூன்றாம் வாரம் போனபோது, அந்த அம்மாள் கட்டுப் போட்ட காலை நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டார். அங்கே எனக்கு ஒரு வார்த்தையும் பேச வரவில்லை.

ஆனால் உங்களிடம் பேசினேன். சட்டைப்பையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்ற அவருக்கு மனமில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். அவரிடம் பொய் சொன்னதையும், அந்தப் பேடாவைத் தின்றதையும் சொல்லவில்லை. கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால் உங்களில் சிலர் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தீர்கள். மன்றத்துக்குச் செயலாளராக அவர் பெயர் வந்தபோது, சமயத்துக்கு உதவாதவர் என்று ஒருவர் சொன்னார். கூட்டத்தில் அண்ணாச்சியும் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன் பெயரை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை அவர் மாதுங்காவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். காகிதப் பொட்டலத்தில் சுண்ணாம்புப் பொடி. "வாரும், எட்டுப் போடுவோம்" என்றார். எனக்குக் கோபம், ஆனாலும் போனேன். மைதானத்தின் ஓரத்தில் அவரே குனிந்து எட்டு வரைந்தார். பிறகு தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான் கால் ஊன்றினால் ஒன்றும் சொல்லமாட்டார். அழிந்த கோட்டின்மேல் மறுபடி பொடியைத் தூவுவார், அவ்வளவுதான். நாலு ஞாயிறு அப்படிப் போயிற்று. நாங்கள் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டோம்.

இந்த முறை பாஸானேன். லைசென்ஸைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். முன்னும் பின்னும் திருப்பி, ஓர் எழுத்து விடாமல் படித்தார். "போட்டோ நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு பழையபடி பின்சீட்டில் வந்தார். ஆனால் என் மனசில் ஒரு முள் இருந்துகொண்டேதான் இருந்தது. சயான் சர்க்கிளில் எனக்கு இப்போது பயமில்லை. அவர் மேலிருந்த வருத்தம் மட்டும் போகவில்லை. அவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

அவர் இறந்த பத்தாம் நாள் சுனாபட்டிக்குப் போயிருந்தேன். அவர் மனைவி மரகதம் அம்மாள் எனக்கு டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஆக்ஸிடென்ட் பேச்சை அவராகத்தான் எடுத்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து அவிய சாப்பிடல அண்ணே. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன் மரகதம், ஆனா போலீஸ்காரன் வந்து நிக்கும்போது ராமநாதன் மொகத்துல இருந்த பயத்தப் பாத்தேன், எம் பேரச் சொல்லியிருந்தாம்னா ஆமான்னு தலைய ஆட்டியிருப்பேன்னு சொன்னாவ. நல்லவேள அவன் சொல்லல, என்னையக் காப்பாத்தினது அவந்தான்னு சொன்னாவ."

இதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் சொல்லச் சொன்னேன். இதக் கேட்டா, எம் பேர அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னு அவனுக்குத் தோணிரும், அது வேண்டாம்னுட்டாவ."

டீ ஆறிப்போயிற்று. ஸ்டேஷன்வரை நடந்து வந்தேன். நான் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டதில் என் நல்ல குணம் எதுவும் இல்லை. சொல்ல நினைத்தேன், நாக்கு புரளவில்லை. அதைத்தான் அவர் என் நேர்மை என்று எடுத்துக்கொண்டு, தன் வீட்டில் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார். நான் அவரைப் பற்றி வெளியே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதையே சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, அவரைப் பற்றி என்னிடம் கேள்விப்பட்டதை மறந்துவிடுங்கள். சமயத்துக்கு உதவாதவர் என்று அவரைச் சொன்னவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் போதும்.

அவருடைய பேச்சும் நடையும் உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக மிஞ்சியிருக்கும். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வராந்தாவில் கழிந்த சில நிமிஷங்கள். கான்ஸ்டபிள் பென்சிலோடு காத்திருக்க, அண்ணாச்சி தன் வலது முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் அது நடுங்கியது. கீழே விழுந்த அதிர்ச்சி என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.