லண்டன் மாப்பிள்ளை

மகளின் திருமணப் பதிவுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். இலங்கையிலிருந்து அகதியாக ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து படிவ விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. மாப்பிள்ளை பிறந்த இடத்துக்கு ‘லண்டன்’ என்று எழுதினேன். பிரித்தானியாவில் எங்கே இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அது லண்டன்தான். அவனும் என்னை நம்பி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தான்.

பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் படிவத்தையும் அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் இரண்டு தரம் மாறி மாறிப் பார்த்தாள். சான்றிதழில் கிளாஸ்கோ என்று இருந்தது. ஒரு சொல் மாறிப்போனதால் அகதி வழக்கே நிராகரிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை மெல்லச் சொன்னான்: “மாமி, நான் ஸ்கொட்லாந்திலை, கிளாஸ்கோவிலை பிறந்தனான். அங்கை பிறப்புப் பதியிற இடம் வேற, சட்டம் வேற, பள்ளிக்கூட முறையும் வேற. லண்டனிலை போய்த் தேடினா என்ர பேரே இருக்காது.”

முப்பது வருடமாக, “இந்தியாவா?” என்று கேட்கிற நோர்வேக்காரரை முறைத்துத் திருத்துகிறவள் நான். இப்போது அதே பிழையை நானே விட்டிருந்தேன்.

அந்தப் பெண் சிரித்தாள். லண்டனை ஒரு கோட்டால் வெட்டி, கிளாஸ்கோ என்று எழுதி, பக்கத்தில் அவனைக் கையெழுத்திடச் சொன்னாள். அவ்வளவுதான். விசாரணை இல்லை, வழக்கறிஞர் இல்லை.

எல்லிங்ஸ்ருட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இருந்தபோது அக்கா தொலைபேசியில் கேட்டாள்: “லண்டன் மாப்பிள்ளையின்ர அலுவல் முடிஞ்சுதோ?”

“ஸ்கொட்லாந்து மாப்பிள்ளை,” என்றேன், நோர்வேக்காரரைத் திருத்துகிற அதே குரலில்.