தளபதி தமிழ் பேசுவதில்லை

சீனாக்காரர்களின் புது வருஷத்துக்காக ஷார்ஜாவில் ஒரு மாலில் பத்து நாள் வேஷம் கட்டி நின்றேன். பழங்காலத்துச் சீனத் தளபதி. முகத்தில் சிவப்புச் சாயம், இடுப்பு வரை தாடி, கையில் பெரிய அரிவாள் செருகிய கம்பு. கம்பெனியில் உயரமான ஆள் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

வேஷம் கட்டிவிடுவது ஒரு சீனத்து அம்மா. அவர் போனில் சீனத்தில் பேசுவார். போன் அதைத் தமிழில் சொல்லும்.

"தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். தளபதி தமிழ் பேசுவதில்லை."

பேசினால் மறுநாளே பழையபடி கட்டட சைட்டுதான். அதையும் போன்தான் சொன்னது. ரூமில் எல்லாரும் நேபாளிகள். இங்கே வந்த எட்டு மாதத்தில் என்னிடம் நேரில் தமிழ் பேசியது அந்தப் போன் ஒன்றுதான்.

இந்தத் தளபதி யார் என்று ஒருநாள் சாயம் பூசும்போது கேட்டேன். ராஜ்யங்கள் அடித்துக்கொண்ட காலமாம். அண்ணன் தம்பியாக இருப்போம் என்று மூன்று பேர் சத்தியம் செய்துகொண்டார்கள். சண்டையில் பிரிந்துபோனார்கள். இந்த ஆள் எதிரி ராஜாவிடம் மாட்டிக்கொண்டான். ராஜா குதிரை கொடுத்தான், பொன் கொடுத்தான். அண்ணன் இருக்கும் இடம் தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன் என்று இவன் முதலிலேயே சொல்லித்தான் இருந்தான். இடம் தெரிந்தது. பொன்னையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு போக வந்தான். ராஜா கதவையே திறக்கவில்லை.

"கஃபீலா? எக்ஸிட் குடுக்கலையா?" என்றேன்.

இங்கே கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி; அவன் விட்டால்தான் ஊருக்குப் போகலாம். போனுக்குப் புரியவில்லை. கஃபீல் என்றதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். வழியில் ஐந்து வாசலாம். மறித்தவர்களை வெட்டிப்போட்டுவிட்டு அண்ணனிடம் போய்ச் சேர்ந்தானாம்.

ஏழாம் நாள் ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்சாதி, ஒரு பெண் குழந்தை.

"அப்பா, இது பொம்மையா?"

"சீனாக்காரன்டி. பக்கத்துல நில்லு, போட்டோ எடுக்குறேன்."

"ஏங்க, எப்படி வேர்க்குது பாருங்க. யாரு பெத்த பிள்ளையோ. தண்ணி வேணுமான்னு கேளுங்க."

"நீயே கேளு, சீனத்துல."

பெண்சாதி பாட்டிலை நீட்டினார். "வேணாங்க" என்றேன். தானாக வந்துவிட்டது.

"ஆத்தீ, நம்ம ஆளு!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நாங்க பரமக்குடிண்ணே. இங்க முவைலால இருக்கோம். நீங்க எந்த ஊரு?"

சீனத்து அம்மா தூண் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சும்மா சொல்லுங்கண்ணே."

நேரே பார்த்தபடி நின்றேன்.

"பேசக் கூடாதுன்னு சொல்லிருப்பாங்க. வா, பிள்ளைக்குப் பசிக்குது" என்றார் புருஷன். போகும்போது அந்தப் பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அரை மணி நேரத்தில் என் டூட்டி முடிந்தது. சாயத்தைக் கழுவிவிட்டு மேல் மாடிக்கு ஓடினேன். சாப்பாட்டுக் கடைகள் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கமுதிங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்கள். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. அந்தப் பெண் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னது? யாருங்க வேணும் உங்களுக்கு?" என்றார் புருஷன்.

"ஆள் மாறிப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.